அடைக்காயி சினிமா பார்த்த சாயங்காலம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் உன் கதை அச்சில் வந்த பெருமை. மீதி அரைப் பக்கம் இரண்டு பனியனும் முறுக்கும் அனுப்பச் சொல்லி உத்தரவு. என் சுகத்தை விசாரிக்க இடம் போதவில்லை போலிருக்கிறது, ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்தாய். சித்திரையோடு படிப்பு முடிகிறது, கதை போட்ட வாரப் பத்திரிகையிலேயே உதவி ஆசிரியராகச் சேரப்போகிறேன், வாசகர் கடிதப் பகுதி முழுக்க என் பொறுப்பு, ஆசீர்வாதம் பண்ணு ஆத்தா என்கிறாய். பண்ணலாம். அதற்கு முன்னால் இதைப் படித்து முடி. உங்கள் விடுதியில் ஒருவனுக்கு வரும் கடிதத்தை இன்னொருவன் பிடுங்கி மெஸ்ஸில் உரக்கப் படிப்பான் என்று நீதான் சிரித்துச் சிரித்துச் சொல்வாய். இதைத் தாராளமாகப் பிடுங்கட்டும். அதற்காகவே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

'பத்திரிகைத் தொழில் படிக்கும் மாணவன் என்ற முறையில்' என்று ஆரம்பித்து எனக்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறாய். குற்றச் செய்தி சமூகத்தின் கண்ணாடியாம். நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஜனங்களுக்கு அது பொழுதுபோக்காம். அவர்கள் கேட்பதைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்களாம். உன் பேராசிரியர் வகுப்பில் உன் கதையை வாசித்துக் காட்டினாராம், பையன்கள் மேசையைத் தட்டினார்களாம், அன்றைக்கு மெஸ்ஸில் உனக்கு மட்டும் இரண்டு கப் பாயசமாம். வழக்கம்போலச் சிவப்பு மையை எடுத்து உன் ஒற்றுப் பிழைகளைத் திருத்த உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். திருத்த வேண்டியது ஒற்று இல்லை.

நீ என்ன எழுதினாய் என்பதை நீயே ஒருமுறை கேள். முந்திரித் தோப்புக் கிணற்றில் புருஷன் பிணமாக மிதக்கிறான். அதே நேரத்தில் அவன் பெண்டாட்டி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து, கோமாளி தடுக்கி விழுகிற காட்சியில் வாய்விட்டுச் சிரிக்கிறாள். 'அவள் சிரிப்பு அந்தப் பாழுங்கிணற்றில் எதிரொலித்தது' என்று ஒரு வரி. கடைசியில் கோர்ட் அவளை விட்டுவிடுகிறது. 'சட்டம் விட்டது, தர்மம்?' என்று பெரிய கேள்விக்குறி போட்டு முடித்திருக்கிறாய். தலைப்பு, முந்திரித் தோப்பு மோகினி. பெயரை மாற்றிவிட்டேன், அதனால் யாருக்கும் பாதகமில்லை என்கிறாய். மாற்றினாய். அடைக்காயியை அலமேலு ஆக்கினாய். மற்றதை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டாய். தோப்பு, படி உடைந்த கிணறு, புகார் கொடுத்த கொழுந்தன், எட்டு மாத ஜெயில், எல்லாம் அப்படியே. அவள் மகளுக்கு இடது புருவத்தில் தழும்பு என்றுகூட எழுதியிருக்கிறாய். அந்தக் குழந்தையின் புருவம் உன் கதைக்கு எதற்கடா?

உன் கதை வந்த புத்தகம் ஆலங்குடி பஸ் நிலையத்துக் கடையில் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. கிடைக்காதவர்கள் சலூனுக்குப் போனார்கள். அங்கே ஒருவர் உரக்க வாசிக்க, முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். அலமேலு யார் என்று ஒரு ஆள்கூட யோசிக்கவில்லை. எழுதியது டீச்சர் மகன்தான் என்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மா என்னிடமே வந்து, "தம்பி நல்லாத்தேன் எழுதியிருக்காக, படிக்கயில மேலெல்லாம் சிலுத்துப் போச்சு" என்று பாராட்டினார்.

அந்த வழக்கை நீ காதால் கேட்டதோடு சரி. அடைக்காயியின் புருஷன் சின்னையா சாராயத்துக்கு அடிமையாகிப் போன ஆள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவன் உடம்பு தோப்புக் கிணற்றில் கிடைத்தது. தலையில் காயம். அவன் தம்பி, அண்ணி தள்ளிவிட்டுவிட்டாள் என்று புகார் எழுதிக் கொடுத்தான். முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளைக் கிணற்றடியில் பார்த்ததாக அவனுடைய ஆள் ஒருவன் சாட்சி சொன்னான். எட்டு மாதம் ஜெயிலில் இருந்தாள். படி உடைந்த இடத்தில் தலை மோதி விழுந்த காயம்தான் என்று டாக்டர் சொன்னார், சாட்சி சொன்னவனும் குறுக்கு விசாரணையில் உளறினான், கோர்ட் விடுதலை செய்தது. திரும்பி வந்து முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனாள். அந்த வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்திருக்கிறாயா? கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் கையால் மகள் மீனாளைப் பிடித்துக் கூட்டி வந்து என் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தாள். மீனாள் இப்போது ஐந்தாம் வகுப்பு. கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. இந்தப் பரீட்சை எழுதினால் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போவாள்.

உன் கதை வந்த அடுத்த திங்கட்கிழமை, நான் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் 'மோகினி மகள்' என்று எழுதியிருந்தது. மீனாள் எழுந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போய்விட்டாள். எழுதியவன் யார் என்று கண்டுபிடித்தேன். பிரம்பை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அடிப்பதென்றால் உன்னை அல்லவா அடிக்க வேண்டும், நீ மெட்ராஸில் பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறாய். அந்த வாரம் முழுவதும் அவள் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் ஊருக்கு நடந்து போனேன். இரண்டு மைல். பொங்கல் விடுமுறைக்குப் பத்து நாள் வந்து இருந்தாயே, அந்த இரண்டு மைலை நடந்து போய் அடைக்காயியை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்து எழுதுவோம் என்று உனக்குத் தோன்றவில்லையே!

அடைக்காயி வீட்டு வாசலில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எப்போதும் எழுந்து நிற்பவள், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

"வாங்க டீச்சரு. இங்கிட்டு வராதீங்க, எண்ணெய் தெறிச்சாப் புண்ணாயிரும். அங்கிட்டு நெழல்ல உக்காருங்க."

நான் உட்காரவில்லை. "மீனாளை அனுப்பு அடைக்காயி. பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு" என்றேன்.

"அனுப்பலாம். அவளப் பாத்தாப் புள்ளைக எல்லாம் பேய் மாதிரி சிரிச்சுக் காட்டுதுகளாம். கதையில நான் அப்பிடித்தேன் சிரிச்சேனாம்ல."

"நான் கண்டிக்கிறேன்."

"எத்தன பேரக் கண்டிப்பீங்க? சலூன்ல, டீக்கடையில, பஸ்ஸுல? கோர்ட்டுல என்னய விட்டுட்டாக டீச்சரு. புத்தகத்துல விடலையே. இதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

அவள் கொட்டையைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நான் அன்னைக்குச் சினிமாவுக்குப் போன சங்கதி வழக்குல எங்கயுமே வரல. எனக்குத் தெரியும், எங்கண்ணனுக்குத் தெரியும், பக்கத்துல உக்காந்திருந்த ஒங்களுக்குத் தெரியும். கதை எழுதுனவருக்கு யாரு சொன்னா?"

இந்த இடத்தில் உன் நண்பன் படிப்பதை நிறுத்துவான். நிறுத்த வேண்டாம் என்று சொல். உன்னிடம் பொங்கலுக்குச் சொன்னது பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன்.

நீ திருச்சியில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் அது. வீடு வெறிச்சென்று இருந்தது. உன் அப்பா போனபிறகு நான் சினிமா பார்த்ததே இல்லை. ஆசிரியைகள் சினிமாக் கொட்டகையில் தென்பட்டால் நன்றாயிருக்காது என்று பள்ளிக்கூட மேனேஜர் கூட்டத்தில் வைத்தே சொல்லியிருந்தார். அதிலும் நான் புருஷன் இல்லாதவள். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, விளக்கு வைப்பதற்கு முன்பே முதல் ஆட்டத்துக்குப் போய்விட்டேன். மத்தியானம் மழை பெய்திருந்ததால் பெண்கள் பக்கம் கூட்டமே இல்லை, ஈர மணலில் எங்கே உட்காருவது என்று நான் திகைத்து நின்றபோது, கோணிச்சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒருத்தி நகர்ந்து, "இங்கிட்டு உக்காருங்க டீச்சரு" என்றாள். அதுதான் அடைக்காயி. பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் வேர்க்கடலை கொடுத்தாள். மீனாள் அப்போது சின்னக் குழந்தை. பாதிப் படத்தில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். ஆட்டம் தொடங்கும் முன்பிருந்து முடிகிற வரைக்கும் அடைக்காயி என் தோளை விட்டு ஒரு முழம் நகரவில்லை. கோமாளி விழுந்தபோது அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உன் கதையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த இன்னொரு பொம்பளையைக் காணோமே, அது உன் ஆத்தா.

பத்து நாள் கழித்து அவள் அண்ணன் வெள்ளைச்சாமி பள்ளிக்கூடம் விட்ட நேரத்துக்கு நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்.

"டீச்சரம்மா, எந்தங்கச்சி ஒங்க பக்கத்துலதேன் உக்காந்து படம் பாத்துச்சாம். கெணத்தடியில நின்னான்னு சொல்றானுக. நீங்க ஒரு வார்த்த வந்து சொன்னா வக்கீலு வெளிய கொண்டாந்துருவாரு. ஒரே ஒரு வார்த்த."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எந்தப் படம்? நான் சினிமாவுக்கே போறதில்லையே" என்றேன். உன்னை அடித்து வளர்த்ததெல்லாம் பொய் சொல்லாதே என்றுதான். அப்படிப்பட்ட நான், எதிரில் நின்ற மனுஷனின் கண்ணைப் பார்த்து அதைச் சொன்னேன். வேலை போய்விடும், வேலை போனால் உன் படிப்பு போய்விடும், ஊர் சிரிக்கும் என்று மனதுக்குள் என்னென்னவோ காரணம் அடுக்கினேன். மேனேஜர் முகத்தை நினைத்துப் பயந்ததுதான் உண்மை. வெள்ளைச்சாமி சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. "சரிங்க, வீடு மாறி வந்துட்டேன் போல" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாட்சி இல்லாமல் சினிமாப் பேச்சை எடுத்தால், புருஷன் செத்த அன்றைக்குக் கூத்துப் பார்த்தவள் என்று ஜட்ஜே வெறுத்துவிடுவார், அதை வாயே திறக்காதே என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். அதனால் அவள் எட்டு மாதம் உள்ளே இருந்தாள். என் மடியில் தூங்கிய குழந்தை எட்டு மாதம் மாமன் வீட்டில் இருந்தது. அவள் விடுதலையாகி மகளைச் சேர்க்க வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

இதை உன்னிடம் ஏன் உளறினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வந்தவன் பத்து நாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போதும் இலைக்குப் பக்கத்தில் ஒரு துப்பறியும் நாவல். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன், ம் என்றாய். உன் அத்தை வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன், ம் என்றாய். கடைசியில், "அந்தக் கிணத்துக் கேஸ் அடைக்காயி இருக்காளே, அன்னைக்கு அவ சினிமாக் கொட்டகையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தா தெரியுமா" என்றேன். நீ புத்தகத்தைக் கீழே வைத்தாய். கண் பளபளவென்று ஆனது. "அப்பறம் ஆத்தா?" என்றாய். பெற்ற பிள்ளை அப்பறம் அப்பறம் என்று கேட்கக் கேட்க எனக்கு இன்னும் சொல்லவேண்டும் போலிருந்தது. கோமாளி விழுந்ததையும் சொன்னேன், தலையில் வைத்திருந்த பூவையும் சொன்னேன். நான் பக்கத்தில் இருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் குற்றமற்றவள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியத்தை, அவள் கல்நெஞ்சுக்காரி என்பதற்கு அடையாளமாக உனக்குப் பரிமாறினேன். ஜனங்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்ததே, அதில் பாதி என் மேல்தான். மீதிப் பாதி உன் மேல். 'நீ எங்கேர்ந்து பார்த்தே ஆத்தா?' என்று ஒரு கேள்வி கேட்டாயா? பத்திரிகைக்காரனாகப் படிக்கிறவன் அதைக் கேட்க வேண்டாமா? கேட்டிருந்தால் நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேனா, தெரியாது. நீ கேட்கவில்லை.

அடைக்காயியிடம், "நான்தான் சொன்னேன்" என்றேன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கறுத்த கையை முழங்காலில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"கோர்ட்டுல வந்து சொல்ல முடியல. வீட்டுல ஒக்காந்து சொல்ல முடிஞ்சிருக்கு."

அவ்வளவுதான். திரும்பவும் கொட்டையைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்த இரண்டு மைலையும் நான் எப்படித் திரும்பி நடந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

திங்கட்கிழமை காலை இறைவணக்கம் முடிந்ததும் பிள்ளைகளை உட்காரச் சொன்னேன். மற்ற ஆசிரியர்களும் நின்றார்கள். 'மீனாளின் அம்மா அன்றைக்குக் கிணற்றுப் பக்கமே போகவில்லை. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடிகிற வரைக்கும் என் பக்கத்தில் இருந்தார். கூப்பிட்டபோது சாட்சி சொல்லப் போகாமல் நான் பொய் சொன்னேன். தப்பு என்னுடையது' என்று சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்ததோ, வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "சினிமாவுக்கா போனீங்க?" என்பது. இரண்டாவது கேள்வி, "தனியாவா போனீங்க?" என்பது. நான் பொய் சொன்னேன், ஒருத்தி எட்டு மாதம் ஜெயிலில் கிடந்தாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். "அது போவட்டும், கொட்டகைக்குப் போனதுக்கு எழுத்துல விளக்கம் குடுங்க" என்று மெமோ கொடுத்துவிட்டார். அதில் பொய்யைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரும் நீயும் ஒரே கல்லூரியில் படித்திருக்கலாம். வேலை இருக்குமா, இருக்காதா என்று ஜூன் மாதம்தான் தெரியும். விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'ஆமாம், போனேன். நல்ல படம்.'

மீனாள் புதன்கிழமை வந்தாள். அடைக்காயியே கூட்டி வந்து கேட்டில் விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் போனாள். பிள்ளைகள் இரண்டு நாள் தள்ளி உட்கார்ந்தன. பிறகு கணக்குப் பார்த்து எழுத ஆள் வேண்டுமே, மெள்ள அவள் பக்கம் நகர்ந்துவிட்டன. மன்னித்துவிட்டேன் என்று அடைக்காயி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

உன் பத்திரிகைக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் அவளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். உனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை. சிரித்த விஷயத்தை நான் அதில் விட்டிருந்தேன், ஊர் மறுபடியும் அதைப் பிடித்துக்கொள்ளுமே என்று. அவள் கவனித்துவிட்டாள்.

"சிரிச்சதையும் எழுதுங்க டீச்சரு. அவரு செத்துக் கெடக்குறது தெரியாமத்தேன சிரிச்சேன்? அதுக்கு நான் எதுக்கு வெக்கப்படணும்?"

எழுதிவிட்டேன், நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதையும் சேர்த்து. அவள் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறாள் தெரியுமா? மீனாள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் இதில் அவள் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இது என் கடிதம்.

ஆகவே, உதவி ஆசிரியரே, வாசகர் கடிதப் பகுதியில் உன் முதல் வேலை இது. உன் கதைக்குக் கொடுத்த அதே அளவு எழுத்தில் வர வேண்டும். கடைசிப் பக்கத்தில் மருந்து விளம்பரத்துக்குக் கீழே ஒளித்து வைக்காதே. பனியன் வாங்கி வைத்திருக்கிறேன், விடுமுறைக்கு வா. வந்ததும் முதலில் அந்த இரண்டு மைல் நடந்து போய்விட்டு, பிறகு வீட்டுக்குச் சாப்பிட வா. ஆசீர்வாதத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வாசகர் கடிதம் நீளமாக இருக்கிறது, எங்கேயாவது வெட்டு என்று உங்கள் ஆசிரியர் சொல்லுவார். பெயரை எடுத்துவிட்டு 'ஒரு வாசகி' என்று போடலாமே, உன் ஆத்தாவுக்கு நல்லது என்றும் சொல்லுவார். அடைக்காயி பெயர் வருகிற இடத்தில் எல்லாம் வெட்டிக்கொள்ளச் சொல். என் பெயரில் ஒரு எழுத்தை வெட்டக் கூடாது.

உன் ஆத்தா